உறுதியில் எழுதாத மண்

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்கப் போகிறவர் கேட்காத கேள்வி இல்லை. கடல் தெரியுமா, கரண்ட் போனால் லிஃப்ட் ஓடுமா, கார் நிறுத்தத் தனி இடம் உண்டா, சமையலறை எந்தத் திசை, கோயிலுக்கு நடந்து போகலாமா. பிறகு ஒரு சட்டத்தரணியைப் பிடித்து முப்பது வருட உறுதியைத் தேடச் சொல்வார். காணி யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, ஈடு வைத்திருக்கிறதா, வழக்கு ஏதும் கிடக்கிறதா என்று அவரும் பதிவேடுகளைப் புரட்டுவார். அந்தக் காணியில் முன்பு என்ன வேலை நடந்தது, எதை ஊற்றினார்கள், எதைப் புதைத்தார்கள் என்பது மட்டும் எந்த உறுதியிலும் இருக்காது.

அது இருப்பது சில பொலித்தீன் பைகளிலும் ஒரு மரப்பெட்டியிலும். கட்டடம் எழும்பும் முன் காணியில் துளையிட்டு, மண்ணைப் பைகளில் கட்டி, கல்லை உருளை உருளையாக எடுத்த ஆழத்தின் ஒழுங்கிலேயே பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். துளையிடும்போது கேட்கும் 'டங், டங்' சத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 63.5 கிலோ சம்மட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்ரிமீற்றர் இறங்க எத்தனை அடி வேண்டும் என்று எண்ணுவார்கள். உலகம் முழுக்க இதே எடை, இதே உயரம். சதுப்புக் கரியில் குழாய் ஒன்றிரண்டு அடியில், சில வேளை தன் பாரத்திலேயே, இறங்கிவிடும். நெருக்கமான மணலில் முப்பது அடி கேட்கும். ஐம்பதைத் தாண்டினால் சிதைந்த பாறை வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குக் கீழே வைரமுனை போட்டுக் கல்லை அறுத்து எடுப்பார்கள்.

இவ்வளவும் ஒரே ஒரு கேள்விக்காக: இந்த மண் பாரம் தாங்குமா? அதே துளையிடம், அதே பையிடம் இன்னொரு கேள்வியையும் கேட்டிருக்கலாம்: இந்த மண்ணில் என்ன கலந்திருக்கிறது? முன்பு வீடும் தென்னந்தோட்டமுமாக இருந்த காணி என்றால் அதைக் கேட்காமல் விட்டாலும் பெரிய மோசமில்லை. ஆலை நின்ற காணியில் அப்படி விடக் கூடாது.

ஹவ்லொக் வீதியில் இன்று ஹவ்லொக் சிற்றி நிற்கும் 18 ஏக்கரும் ஒரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையின் காணி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய ஆலை அது. அந்நாளில் கொழும்பில் ஒரே கூரையின் கீழ் ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் வேலை செய்த இடங்கள் மிகச் சில. மலையாளிகளும் இந்தியத் தமிழரும் சிங்களவரும் கலந்து வேலை செய்த அந்த ஆலையில் 1933இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் இளம் வழக்கறிஞரான கொல்வின் ஆர். டி சில்வா. இரண்டு வருடம் கழித்து லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தபோது இந்த ஆலை வாசலில் பழகிய முகங்கள் அங்கே இருந்தன. இப்போது அதே நிலத்தில் ஆயிரம் குடும்பங்களுக்கான கோபுரங்கள், பெரிய கடைத்தொகுதி, அலுவலகக் கட்டடம். எலிபேங்க், டேவிட்சன் என்று சுற்றுவட்டார வீதிகளின் பெயர்கள் கோபுரங்களுக்கு ஏறியிருக்கின்றன. சென்னையில் பெரம்பூர் பின்னி ஆலைக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமான அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. அந்தக் காணியிலும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன.

துணி ஆலை என்றால் பஞ்சும் நூலும்தானே, அதில் என்ன நஞ்சு என்று கேட்கத் தோன்றும். பஞ்சு பாவமில்லாததுதான். ஆனால் ஆலையை ஓட்ட நீராவி வேண்டும். நீராவிக்கு நிலக்கரி, பிறகு உலை எண்ணெய். கரி எரிந்த சாம்பலை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோக யாருக்கும் மனம் வராது, பள்ளமான மூலையில் கொட்டி நிரப்பிவிடுவார்கள். அந்தச் சாம்பலில் ஆர்செனிக்கும் ஈயமும், கரி அரைகுறையாக எரிந்ததில் உண்டான தார்ச் சேர்மங்களும் இருக்கும். மின்மாற்றிகளில் பழைய காலத்து எண்ணெய் என்றால் பிசிபி என்ற, மண்ணில் பல பத்தாண்டுகள் அழியாத குளோரின் சேர்மம் இருக்கலாம். எந்திரங்களின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கக் கரைப்பான்கள். வெளுக்கக் குளோரின். சாயத்துக்கு இன்னொரு பட்டியல். நான் சொல்வது ஹவ்லொக் வீதி ஆலையின் மீது குற்றப்பத்திரம் அல்ல. எந்தப் பழைய துணி ஆலையிலும் தேட வேண்டிய பொருள்களின் பட்டியல்.

சாயப் பட்டியலில் குரோமியத்திடம் கொஞ்சம் நிற்க வேண்டும். பருத்தியில் கழுவினாலும் போகாத கறுப்பை ஏற்ற 'அனிலின் கறுப்பு' என்ற முறை இருந்தது. அதில் நிறத்தை முதிர வைப்பது டைகுரோமேட் உப்பு. குரோமியத்துக்கு இரண்டு குணம். மூன்று இலத்திரனை இழந்த நிலையில் அது பச்சை. மண்ணோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும், பெரிய கெடுதல் செய்யாது. ஆறு இழந்த நிலையில் மஞ்சள். தண்ணீரில் கரைந்து ஓடும், மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். உலோகம் ஒன்றுதான், இலத்திரன் கணக்குத்தான் வேறு. தமிழ்நாட்டு இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்றின் வளவில் ஒன்றரை இலட்சம் தொன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்து, சுற்றுக் கிணறுகளை மஞ்சளாக்கியது. இதற்கு வைத்தியம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. இரும்பு சல்பேற்றைக் கலந்தால் அது இலத்திரனைக் கொடுத்து மஞ்சளைப் பச்சையாக்கிவிடும். கொழும்பின் தாழ்நிலங்களில் உள்ள கறுத்த சதுப்பு மண்ணும் அதே வேலையை ஓரளவு தானாகவே செய்யும். அழுகிய தாவரப் பொருளுக்கு இலத்திரன் கொடுக்கும் தாராளம் உண்டு.

வெள்ளவத்தை இருக்கும் கொழும்பு 6இன் பெரும்பகுதி அப்படிப்பட்ட மண் அல்ல. வெள்ளவத்தை என்றால் தமிழ்க் காதில் வெள்ளம் கேட்கும். சிங்களத்தில் அது மணல். 'வெல்ல' மணல், 'வத்த' தோட்டம். ஊர்ப் பெயரே மண் அறிக்கை. மணலில் தண்ணீர் நடக்கும் வேகம் களிமண்ணில் நடப்பதைவிட இலட்சம் மடங்கு வரை கூட. ஓரிடத்தில் சிந்தினது அங்கேயே நிற்காது. நிலத்தடி நீரோடு சேர்ந்து கடலையோ கால்வாயையோ நோக்கிப் புறப்பட்டுவிடும்.

எல்லாம் ஒரே மாதிரியும் புறப்படாது. டீசல், உலை எண்ணெய் போன்றவை தண்ணீரைவிட இலேசானவை. ரசத்தின் மேல் தாளித்த எண்ணெய் போல நிலத்தடி நீரின் மட்டத்தில் படலமாக மிதக்கும். கரைப்பான்களில் குளோரின் சேர்ந்தவை பாரமானவை. நீருக்குள் அமிழ்ந்து, களியோ பாறையோ தடுக்கும் வரை இறங்கி, அங்கே குழிகளில் குட்டையாகத் தேங்கிக் கிடக்கும். மிதப்பதைக் கண்டுபிடிக்கக் கிணற்றில் வாளி போட்டாலே போதும். அமிழ்ந்ததைக் கண்டுபிடிப்பதற்குள் துளையிடுகிறவருக்கு நரை தட்டிவிடும்.

மிதக்கும் எண்ணெய் என்றதும் ஈழத் தமிழ் வாசகருக்குச் சுன்னாகம் ஞாபகம் வரும். மின் உற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் படலமாக வந்து நின்றது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கும்படி அந்த நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. அங்கே மக்கள் கிணற்றை நம்பி வாழ்ந்ததால் விஷயம் வெளியே வந்தது. வாளியை இழுத்தவர் மணந்து பார்த்தார். கொழும்பில் குழாய்த் தண்ணீர். பழைய வெள்ளவத்தை வீடுகளின் பின்வளவுக் கிணறு இப்போது தோட்டத்துக்கும் கழிவறைக்கும்தான், பல இடங்களில் கொங்கிறீற் மூடியும் போட்டாயிற்று. மணந்து பார்க்க ஆள் இல்லை.

குழாய்த் தண்ணீர் என்றால் கவலை இல்லை என்று நெதர்லாந்துக்காரரும் நினைத்திருந்தார்கள். லெக்கர்கெர்க் என்ற சிற்றூரில் பள்ளமான நிலத்தைக் கழிவுகளால் நிரப்பி, அதன்மேல் புது வீடுகள் கட்டினார்கள். கழிவோடு இரசாயனப் பீப்பாய்களும் போயிருந்தன. தண்ணீர்க் குழாய் ஒன்று வெடித்தபோதுதான் மர்மம் தெரிந்தது. நிலத்தில் கிடந்த தொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் பிளாஸ்டிக் குழாயின் சுவரையே ஊடுருவிக் குடிநீருக்குள் புகுந்திருந்தன. ஓட்டை தேவையில்லை, எண்ணெய்க் குணமுள்ள மூலக்கூறுகள் பிளாஸ்டிக்கில் கரைந்து மறுபக்கம் வெளிவரும். 1980இல் ஏறக்குறைய 300 குடும்பங்களை வெளியேற்றி, வீடுகளின் அடியிலிருந்து மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். அதன் பிறகுதான் அந்த நாட்டில் மண் சுத்திகரிப்புக்குச் சட்டம் வந்தது.

அதே டச்சுக்காரர் கொழும்பில் விட்டுப்போன பெயர் ஒன்று கொட்டாஞ்சேனைக்குப் பின்னால் இருக்கிறது: புளூமெண்டால், அதாவது பூக்களின் பள்ளத்தாக்கு. மாநகரத்தின் குப்பை அங்கேதான் மலையாக வளர்ந்தது. 2009இல் அது மூடப்பட்டதும் குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, புதுவருட நாள் பிற்பகலில், அந்த மலை சரிந்து 30 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். புளூமெண்டால் மலை புல் பூண்டு முளைத்து அமைதியாகிவிட்டது போல் தெரியும். உள்ளே அமைதி இல்லை. காற்றுப் புகாத இருட்டில் பக்டீரியாக்கள் குப்பையைத் தின்று மெதேன் விடுகின்றன. மூடிப் பல பத்தாண்டு ஆனாலும் விடும். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால் ஒரு பொறி போதும். மண் வழியே பக்கவாட்டில் நகர்ந்து, மூடிய அறையில், மின்வயர்க் குழாயில், லிஃப்ட் குழியில் தேங்குவதும் அதன் பழக்கம்.

கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், முகத்துவாரம் எல்லாம் துறைமுகத்தின் முதுகுப்புறம். தேயிலை ஸ்டோர், கிட்டங்கி, எண்ணெய் ஆலை, லொரி கராஜ், ரயில் சைடிங். போதாதற்குத் துறைமுகத்திலிருந்து கொலன்னாவைக்குப் போகும் பழைய எண்ணெய்க் குழாய்கள். வெள்ளவத்தையில் இடம் தீர்ந்து, பேர்ச் விலை கைக்கு எட்டாமல் போக, தொடர்மாடிகள் இங்கே வரத் தொடங்கிப் பல வருடமாகிவிட்டது. வெள்ளவத்தையில் பெரும்பாலும் பழைய பங்களாவை இடித்துத்தான் கட்டினார்கள், ஆலைக்காணி விதிவிலக்கு. வடகொழும்பில் இனி இடிபடப் போகிறவற்றில் ஸ்டோரும் கராஜும் நிறைய இருக்கும். அதனால்தான் துளையின் இரண்டாவது கேள்வியை இங்கே இன்னும் சத்தமாகக் கேட்க வேண்டும் என்கிறேன்.

கேட்பது எப்படி? ஆலை மண்ணில் நஞ்சு சீராகப் பரவியிருக்காது. சர்க்கரைப் பொங்கலில் கஜு போல அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நாலு மூலையில் நாலு துளை போட்டால் கஜுவே அகப்படாமல் போகலாம். ஆகவே முதல் வேலை துளை அல்ல, பழைய வரைபடம். கொதிகலன் எங்கே இருந்தது, சாயக்கூடம் எது, எண்ணெய்ப் பீப்பாய் எங்கே அடுக்கினார்கள், கழிவுக் கான் எந்தப் பக்கம் போனது. புறக்கோட்டையில் காஸ் வேர்க்ஸ் வீதி என்று ஒன்று இருப்பதை வைத்தே, நிலக்கரியிலிருந்து விளக்கு வாயு எடுத்த காலத்தை ஊகித்துவிடலாம். அந்தத் தொழில் தாரையும் சயனைட் கலந்த நீல மண்ணையும் விட்டுப் போகும் என்பது உலக அனுபவம். வரைபடமும் வீதிப் பெயரும் சொல்லாததை ஓய்வு பெற்ற தொழிலாளி சொல்வார். 'அந்த வேப்பமரத்தடியில்தான் ஐயா கழிவெண்ணெய் ஊத்தினனாங்கள்' என்ற ஒரு வாக்கியம் ஆய்வுகூடச் செலவில் பல இலட்சத்தை மிச்சப்படுத்தும்.

மண்ணைத் தோண்டுமுன் கூரையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆலையும் ஸ்டோரும் இடிக்கிற இடத்தில் அஸ்பெஸ்டஸ் சீற் உடையும். முழுதாக இருக்கும் சீற் சாது. உடைபட்டால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்து நுரையீரலில் குத்தி நிற்கும், நோய் காட்ட இருபது முப்பது வருடம் எடுக்கும். இலங்கை அஸ்பெஸ்டஸைக் கட்டுப்படுத்தப் புறப்பட்ட நேரம், 2017 டிசம்பரில், ரஷ்யா தேயிலைப் பொதியில் ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. ரஷ்யாதான் எங்களுக்கு அஸ்பெஸ்டஸ் விற்கிற பெரிய நாடு. சில நாளில் கொழும்பு தன் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டது, தேயிலையும் கப்பலேறியது. வண்டுக்கு அரசியல் தெரிந்திருந்தது.

நஞ்சு அகப்பட்டால் தொடர்மாடி கட்டவே முடியாதா என்றால், முடியும். உண்மையில் அடுக்குமாடிக்கு ஒரு வசதி உண்டு. மண்ணிலிருந்து எழும்பும் ஆவி தனி வீட்டில் நேராகப் படுக்கையறைத் தரைக்கு வரும். கொழும்புத் தொடர்மாடிகளில் கீழ் இரண்டு மூன்று தட்டும் கார் நிறுத்துமிடம். பக்கம் திறந்து காற்றோட்டமாக இருந்தால் ஆவி அங்கேயே கலைந்து போகும். தரைக்கடியில் ஆவி புகாத விரிப்பு, அதன் கீழ் துளைக்குழாய், கூரைவரை ஒரு புகைபோக்கி, அவ்வளவுதான். எண்ணெய் நனைந்த மண்ணுக்குக் காற்றும் கொஞ்சம் நைதரசனும் கொடுத்தால் அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பக்டீரியாக்களே அதைத் தின்றுவிடும். மாதக் கணக்கில் பொறுமை வேண்டும். உலோகத்தைத் தின்ன யாராலும் முடியாது. சீமெந்து கலந்து கட்டிப்போடலாம், மூடலாம், அள்ளலாம்.

அடித்தளத்துக்குக் குழி தோண்டும்போது வரும் தொல்லை வேறு வகை. வெள்ளவத்தையில் சில மீற்றர் தோண்டினாலே தண்ணீர். இரவு பகலாகப் பம்ப் ஓடும். நிலத்தடி நீர் ஒரு மீற்றர் இறங்கினால், அதுவரை மண்ணைத் தாங்கிப் பிடித்திருந்த தண்ணீரின் மிதப்பு போய்விடும். அண்டை வீட்டின் கீழ் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறக்குறைய ஒரு தொன் பாரம் புதிதாக ஏற்றியதற்கு அது சமம். மணல் சற்று இறுகிக்கொள்ளும். சதுப்புக் கரி கடற்பஞ்சு போல நசுங்கும். பக்கத்து வீட்டுச் சுவரில் படிக்கட்டு வடிவில் வெடிப்பு ஏறும். 'உங்கட பம்பாலதான்' என்று அவர் சொல்வார், 'உங்கட வீடு பழசு' என்று இவர் சொல்வார். விஞ்ஞானம் பெரும்பாலும் முதலாமவர் பக்கம். வேலை தொடங்குமுன் சுற்று வீடுகளின் வெடிப்புகளைப் படம் எடுத்துக் கையெழுத்து வாங்குவது அதற்காகத்தான். கடற்கரை ஓரத்தில் இன்னொரு கணக்கும் சேரும்: கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால்தான் கீழே நாற்பது மீற்றர் ஆழத்துக்கு உப்புநீரை அமுக்கி வைக்கும். மேலே இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். பம்ப் இழுப்பது நஞ்சையும் சேர்த்துத்தான். தூரத்தில் சும்மா கிடந்த எண்ணெய்ப் படலம் குழியை நோக்கி நகரத் தொடங்கும்.

மழையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். 18 ஏக்கரில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 70 இலட்சம் லீற்றருக்கு மேல், 7,000 லீற்றர் பவுசரில் ஆயிரம் பவுசர். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் பெய்தது அதைப்போல் ஐந்து மடங்குக்குக் கிட்ட. தரை முழுக்கக் கொங்கிறீற் போட்டால் இவ்வளவும் கால்வாய்க்கு ஒரே நேரத்தில் வந்து சேரும்.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது தோண்டிய மண். ஒரு ஏக்கரில் ஏழு மீற்றர் ஆழம், இரண்டு தட்டு பேஸ்மென்ட் என்று வையுங்கள்: 28,000 கன மீற்றருக்கு மேல். தோண்டிய மண் குலைந்து ஐந்தில் ஒரு பங்காவது ஊதும். மூன்று கியூப் டிப்பருக்கு இது ஏறத்தாழ 4,000 நடை. லண்டனில் 2012 ஒலிம்பிக் பூங்கா பழைய தொழிற்சாலை நிலத்தில் எழுந்தபோது, மண்ணை வெளியே அனுப்பாமல் அங்கேயே 'மண் ஆஸ்பத்திரி' அமைத்துக் கழுவி, சலித்து, திரும்ப அதே இடத்தில் போட்டார்கள். எங்கள் ஊரில் நிரப்பு மண்ணுக்கு எப்போதும் கிராக்கி. புறநகரில் தாழ்ந்த வயல் காணி வாங்கியவர்கள் 'மண் இருந்தால் சொல்லுங்கோ' என்று டிப்பர்க்காரரிடம் நம்பர் கொடுத்து வைத்திருப்பார்கள்.

கோபுரத்தில் குடியேறுபவரின் பூச்சட்டிக்கு மண் நர்சரியிலிருந்து பையில் வரும். பழைய மண் அதற்கு முன்பே, இரவு பத்து மணிக்குப் பிறகு, தார்ப்பாய் மூடி, பேஸ்லைன் வீதியில் தண்ணீர் சொட்டச் சொட்டப் போயிருக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒருவர் டோர்ச் லைட்டோடு நின்று, 'இந்தப் பக்கம் கொட்டு தம்பி, கிணத்துப் பக்கம் இன்னும் பள்ளமாக் கிடக்கு' என்று கை காட்டுவார்.